இந்தியா கேட்டில் இருப்பவை யாருடைய பெயர்கள்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு டெல்லி போயிருந்தோம். இந்தியா கேட் முன்னால் நின்றபோது வாட்ஸாப்பில் வந்த ஒரு செய்தியை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அங்கே 95,300 சுதந்திரப் போராட்ட வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன என்றது அது. எட்டாம் வகுப்பு படிப்பவள், "இது வெள்ளைக்காரன் கட்டினதுதானேப்பா? அவனை எதிர்த்தவங்க பேரை அவனே எப்படிச் செதுக்குவான்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவனுக்காகச் செத்தவர்கள் பெயர் என்றால் நாம் ஏன் அங்கே போய்க் கும்பிட வேண்டும்? எதிரில் நேதாஜி சிலை வேறு நிற்கிறது. குழப்பமாக இருக்கிறது.

க., கரூர்

அன்புள்ள க.,

உங்கள் மகள் சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். அந்தச் செய்தி பொய். இந்தியா கேட்டை வைஸ்ராய் இர்வின் திறந்து வைத்தது 1931 பிப்ரவரி 12ல். மார்ச் 23ல் லாகூரில் பகத் சிங்கைத் தூக்கிலிட்டார்கள். அந்த அரசு விடுதலை வீரர்களின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்குமா?

ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் வடிவமைத்த அந்த 42 மீட்டர் வளைவுக்கு அப்போதைய பெயர் அகில இந்தியப் போர் நினைவுச்சின்னம். உச்சியில் 'இந்தியா' என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ரோமன் எண்களில் 1914, 1919 என்று இருக்கும். முதல் உலகப்போரிலும் 1919ல் நடந்த மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்த 70,000க்கும் மேற்பட்ட இந்தியப் படையினருக்காகக் கட்டியது அது. சுவரில் இருப்பவை 13,000 சொச்சம் பெயர்கள்தான். பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் ஆப்கன் போரிலும் விழுந்தவர்கள். பிரான்சில் இறந்து கல்லறைகூட இல்லாமல் போனவர்களின் பெயர்கள் அங்கேயே, நவ் ஷப்பேல் என்ற ஊரின் நினைவிடத்தில் இருக்கின்றன.

நான் போயிருந்தது ஒரு மாலை நேரம். வளைவின் உட்சுவரில் சாய்ந்த வெயில் விழுந்து எழுத்தின் வெட்டுக்குள் நிழல் கட்டியிருந்தது. பதவி, பெயர், பதவி, பெயர் என்று மேலே ஏறிக்கொண்டே போகிறது. சிங், கான், ராம் என்று முடிகிற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் என் கண்ணுக்கு எட்டவில்லை. கழுத்து வலிக்கும் வரை நின்று படித்தேன். பெயராவது இருக்கிறதே என்று தோன்றியது. ஏனென்றால் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்தவர்களுக்காக பாஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு அதுவும் இல்லை. படைப்பிரிவின் பெயர் போட்டு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் வெட்டினார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

ஏன் கும்பிட வேண்டும் என்கிறீர்கள். அந்தச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். காணி நிலமும் கடனுமாக இருந்த வீட்டிலிருந்து போனவன், எந்த ஊர் என்றே தெரியாத ஊரில் செத்தான். பேரரசுக்காகத்தான் செத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக அவனை நம் ஆள் இல்லை என்று தள்ளிவிட என்னால் முடியாது. தியாகி என்று பொய்ப்பட்டம் கட்டுவதும் அவனை மறப்பதும் என் கணக்கில் ஒன்றுதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. வங்கதேசப் போருக்குப் பிறகு, 1972 ஜனவரி 26ல் இந்திரா காந்தி அந்த வளைவின் கீழ் இறந்த வீரர்களுக்கான அணையாச் சுடரை, அமர் ஜவான் ஜோதியை ஏற்றினார். ஐம்பது வருஷம் அது அங்கே எரிந்தது. வெள்ளைக்காரன் கட்டிய வளைவு நம் வீரர்களின் இடமாக ஆனது அப்படித்தான். 2022 ஜனவரியில் அந்தச் சுடரைப் பக்கத்திலுள்ள தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள்.

நேதாஜி நிற்கிற கல்மண்டபத்தில் முதலில் நின்றவர் பிரிட்டிஷ் அரசர் ஐந்தாம் ஜார்ஜ். 1968ல் அவரைப் பெயர்த்து, 1911ல் அவருடைய முடிசூட்டு தர்பார் நடந்த வடக்கு டெல்லி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 54 வருஷம் மண்டபம் காலி. 2022 செப்டம்பரில்தான் 28 அடி உயரக் கருங்கல் சிலை வந்தது. நேதாஜிக்கும் அந்த வளைவுக்கும் பகை என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் படையில் சேர்ந்தவர்களில் பல்லாயிரம் பேர், 1942ல் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்ட அதே பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்கள். அவர்களோடு தோள் சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் கூலிகள் ஏராளம். துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராதவர்கள். உங்கள் கரூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் இருந்திருக்கலாம்.