லினைட்டிஸ் பிளாஸ்டிகா: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சிருது, எடையும் குறையுது. எண்டோஸ்கோபி பண்ணி சதையத் துளி எடுத்து டெஸ்ட் பண்ற பயாப்ஸில ஒண்ணும் இல்லன்னாங்க, இப்ப லினைட்டிஸ் பிளாஸ்டிகா சந்தேகம்ங்கறாங்க. எப்படி?

பதில்: இது இரைப்பையில வர்ற ஒரு வகைப் புற்றுநோய், பெரும்பாலும் கட்டியா துருத்திக்கிட்டு வராதுங்க. புற்றுநோய் செல்லெல்லாம் தனித்தனியா பிரிஞ்சு இரைப்பை சுவருக்குள்ளயே பரவுது, சுவர் தடிச்சு வெறச்சுப் போயிரும். எண்டோஸ்கோபில உள்தோல் பாக்க நல்லாவே இருக்கலாம், ஆனா காத்து ஊதினாலும் இரைப்பை விரியாது பாருங்க, அதான் துப்பு. மேலாப்புல கிள்ளி எடுத்த பயாப்ஸில சிக்காம போறது சகஜம். ஆழமா திரும்ப எடுக்க முடியுமா, எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், அதாவது எண்டோஸ்கோப் வழியா உள்ள இருந்தே எடுக்கற ஸ்கேன் வேணுமான்னு கேளுங்க. தொந்தரவு அப்படியே இருக்கும்போது ரிப்போர்ட் நார்மல்னு விட்டுராதீங்க.

கேள்வி: ரிப்போர்ட்ல சிக்னெட் ரிங் செல்னு போட்டிருக்கு, அது வேறயா சார்?

பதில்: செல்லுக்குள்ள ம்யூசின்ங்கற கொழகொழப்பு நெறஞ்சு, நடுவுல இருக்கற நியூக்ளியஸ் (செல்லோட கரு) ஓரத்துக்குப் போயிரும், அதான் மோதிரம் மாதிரி தெரியும். லினைட்டிஸ்ல பெரும்பாலும் இந்த செல்லுதான், ஆனா சிக்னெட் ரிங் எல்லாமே லினைட்டிஸ் கிடையாது.

கேள்வி: அக்காவுக்கு சிடி கிளீன். உடனே ஆபரேஷன் பண்ணிரலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. இது முக்கியமா பரவுறது பெரிட்டோனியம்ங்கற வயித்து உள்சவ்வுக்குத்தான், அங்க இருக்கற பொடிப்பொடி பொட்டெல்லாம் சிடில தெரியாது, பெட் ஸ்கேனும் இந்த வகையில பல தடவ ஏமாத்திரும். அதனால மொதல்ல லேப்பராஸ்கோபி, அதாவது வயித்துல சின்ன ஓட்டை வழியா கேமரா போட்டு நேர்ல பாத்து, உள்ள கழுவின தண்ணியையும் டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. பரவலன்னா பொதுவா கீமோ, ஆபரேஷன், மறுபடி கீமோ. பரவியிருந்தா இரைப்பைய எடுத்து பெருசா பிரயோஜனம் இல்ல, கீமோதான் முக்கியம். முத்தினா வயித்துல நீர் கோர்க்கும், குடல் அடைக்கும், யூரின் குழாய நெருக்கி கிட்னி வீங்கும், பெண்களுக்கு சினைப்பைக்கும் போகலாம், சில பேருக்கு அந்தக் கட்டிதான் மொதல்ல கண்ணுல படுது.

கேள்வி: அம்மாவுக்கு இருக்கு. எனக்கும் வருமா?

பதில்: பெரும்பாலும் பரம்பரை இல்ல. ஆனா சின்ன வயசுலயே வந்திருந்தா, இல்ல வீட்டுல ரெண்டு பேருக்கு இருந்தா சிடிஎச்1ங்கற ஜீன்ல மாற்றம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. இந்த ஜீன் மாற்றத்த 1998ல நியூசிலாந்து பழங்குடியான மாவோரி குடும்பத்துல கண்டுபிடிச்சாங்க. அந்த மாற்றம் இருந்தா பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெண்களுக்கு லோபுலர்ங்கற (பால் சுரப்பியில வர்ற) மார்பகப் புற்றுநோய் ரிஸ்க்கும் சேர்ந்து வரும்.

கேள்வி: இரைப்பையே இல்லாம சாப்பிட முடியுமா?

பதில்: முடியும். உணவுக்குழாய சிறுகுடலோட இணைச்சுருவாங்க. கொஞ்சங்கொஞ்சமா அடிக்கடி சாப்பிடணும், பி12 ஆயுசுக்கும் எடுத்துக்கணும், அத மட்டும் விட்டுராதீங்க.