மொட்டை மாடியில் ஒரு சின்னத் தொட்டியில் பூச்சி பிடிக்கும் செடிகளை வளர்க்க முடியுமா?

முடியும். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு வருடமாக ஒரு பிளாஸ்டிக் டப்பில் வளர்த்து வருகிறேன். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரம்தான் முக்கியம். இலையை மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியை ஆன்லைனில் வாங்கினீர்கள், செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நட்டீர்கள், தினமும் குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்கள், இரண்டே மாதத்தில் கருகிவிட்டது. எங்கே குறை வைத்தோம் என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் செய்வதை எல்லாம் இதற்கும் செய்திருக்கிறீர்கள், அதில்தான் செடி போயிருக்கிறது. என் முதல் செடியும் இப்படித்தான் போனது. ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டேன். பத்தாம் நாள் இலை நுனிகள் கறுத்தன. சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கைப்பிடி போட்டேன். அடுத்த வாரம் செடி இல்லை.

இந்தச் செடிகளின் சொந்த ஊர் சதுப்பு நிலம். மண்ணில் எப்போதும் ஈரம், கொஞ்சம் புளிப்பு. இருக்கிற சொற்பச் சத்தையும் மழை கழுவிக்கொண்டு போய்விடும். வேர் வழியாகத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்காத இடத்தில், இலையையே பொறியாக்கிப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பழகியவை இவை. வேருக்குத் தண்ணீர் குடிப்பதும் செடியைப் பிடித்து நிறுத்துவதும்தான் முக்கிய வேலை. அந்த வேர் உப்பைத் தாங்காது. உரத்தில் இருப்பதும் உப்பு, போர் தண்ணீரில் கரைந்திருப்பதும் உப்பு.

ஆகவே முதலில் தண்ணீரைப் பாருங்கள், தொட்டியும் மண்ணும் அப்புறம். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். 50க்குக் கீழே காட்டினால் தைரியமாக ஊற்றலாம். 100ஐத் தாண்டினால் வேண்டாம். எங்கள் போர் தண்ணீரில் முக்கியபோது 1,140 காட்டியது. அதே தண்ணீரில் எங்கள் வீட்டுச் செம்பருத்தி வருடம் முழுக்கப் பூக்கிறது என்பதால், அதுவரை எனக்குச் சந்தேகமே வரவில்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவாக இருந்தால் உங்களுக்கு யோகம், அது மென்மையான தண்ணீர். ஆனாலும் மீட்டரை ஒரு தடவை முக்கிப் பார்த்துவிடுங்கள், சில இடங்களில் வேறு தண்ணீரும் கலந்து வரும்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இப்போது வரும் இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். மெக்கானிக்கிடம் சொன்னால் அந்த உப்பின் அளவைக் குறைத்து வைத்துத் தருவார். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் தப்பித்தவறியும் ஊற்றக் கூடாது, நாம் பயப்படும் உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் கோடையில் எனக்குக் கைகொடுத்திருக்கிறது, மீட்டரில் 20க்குள்தான் காட்டும். அவசரத்துக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். எல்லாவற்றிலும் சிறந்தது மழைத் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் பதினைந்து நிமிடத் தண்ணீரை விட்டுவிட்டு, தகரக் கூரையிலிருந்து 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, கொசுவலை கட்டி மூடிவைக்கிறேன். இரண்டு டிரம் நிறைந்தால் சித்திரை வரை கவலையில்லை.

தொட்டி என்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 45 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள பிளாஸ்டிக் டப் போதும். சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். சாதாரணத் தொட்டிக்கு அடியில் ஓட்டை போடுவோம். இதற்கு அடியில் போடாமல் பக்கவாட்டில், விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே இரண்டு ஓட்டைகள் போடுங்கள். அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும், கனமழை பெய்தால் அந்த ஓட்டை வழியாக வழிந்துவிடும். மேல்மண் சேறாகாது, அடிமண் காயாது. ஒரு முழ நீள பி.வி.சி. குழாயில் கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டு ஓரமாகச் செருகிவையுங்கள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டுப் பார்க்கலாம், அதன் வழியாகவே ஊற்றவும் செய்யலாம். தட்டில் தண்ணீர் நிறுத்தி அதில் தொட்டியை வைக்கும் முறையும் உண்டு, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நம் ஊரில் அந்தத் தட்டில் ஒரே வாரத்தில் கொசுப்புழு நெளியும், டெங்கு காலத்தில் அது ஆபத்து. டப்பில் தண்ணீர் மண்ணுக்கு அடியில் இருப்பதால் கொசு முட்டையிட இடமில்லை. வழியும் ஓட்டைகளிலும் குழாயின் வாயிலும் வலைத் துண்டு கட்டிவிட்டால் போதும்.

உள்ளே நிரப்புவதற்கு, பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய பாசி) ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. உரம் எதுவும் சேர்க்காத பீட் மாஸ்தானா என்று பையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த பீட் மாஸ் தண்ணீரை உறிஞ்சாது, மேலே மிதக்கும். வெந்நீர் ஊற்றிப் பிசைந்து ஒரு ராத்திரி ஊறவைத்தால் வழிக்கு வரும். மணலுக்கு, தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிகளில் போடும் வெள்ளை ஃபில்டர் மணல்தான் சரி. எந்த மணலாக இருந்தாலும் ஒரு ஸ்பூன் எடுத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் கிளிஞ்சலோ சுண்ணாம்போ இருக்கிறது, தள்ளிவிடுங்கள். கடற்கரை மணலை நினைத்தே பார்க்க வேண்டாம்.

பீட் மாஸ் விலை அதிகம், பொள்ளாச்சி பக்கத்திலேயே இருக்கிறது, தேங்காய் நார்த்தூளான கோகோபீட் போடக் கூடாதா என்று கேட்பீர்கள். போடலாம், கழுவ வேண்டும். தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்து, திரும்ப ஊறவைத்து என்று எனக்கு ஏழு முறை ஆனது. முதல் பிழிசல் 900க்கு மேல் இருந்தது, ஏழாவது 60. அந்தக் கோகோபீட்டில், இலையில் பசைத்துளி நிற்கும் பனித்துளிச் செடிகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. ஃப்ளைட்ராப்புக்கு மட்டும் நான் பீட் மாஸை விட்டு மாறவில்லை.

சரி, எதை நடுவது? சமவெளியில் இருப்பவர்கள் ஃப்ளைட்ராப்பில் ஆரம்பிக்க வேண்டாம். நம் மண்ணிலேயே விளையும் பனித்துளிச் செடி ஒன்று இருக்கிறது, அழுகண்ணி. ட்ரோசீரா பர்மானி என்று பாடப் புத்தகங்களில் வரும். மழைக்குப் பிறகு நீர் கசியும் மணல் தரைகளில் முளைத்து, பூத்து, விதை சிந்தி, வெயில் ஏறியதும் முடிந்துவிடும். வெயிலுக்குப் பழகிய செடி என்பதால் நம் மாடி அதற்கு அந்நியம் இல்லை. அதன் உறவு ஒன்று நீலகிரி, கொடைக்கானல் புல்வெளிகளில் மழைக்காலத்தில் எழும்பி, கோடையில் மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிவிடும். அதைக் கீழே கொண்டுவந்து வைத்துச் சிரமப்பட வேண்டாம்.

அழுகண்ணியைக் காலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். மொத்தச் செடியே இரண்டு ரூபாய் நாணயம் அளவுதான், தரையோடு ஒட்டி வட்டமாக இருக்கும். நல்ல வெயில் கிடைத்தால் செந்தூரச் சிவப்பு. ஒவ்வொரு இலையிலும் முடி முடியாக நிற்கும், ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு சொட்டு. வெயில் ஏறினால் பனி காய்ந்துவிடும், இது காயாது, அது பசை. ஒருநாள் வாழைப்பழத் தோலைச் சுற்றிப் பறக்கும் சின்னப் பழ ஈ ஒன்று அதில் உட்கார்ந்ததைப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு காலை எடுத்தது, பசை நூலாக நீண்டது. மறு காலை ஊன்றியது, அதுவும் மாட்டியது. அதற்குள் இலையின் ஓரத்தில் இருந்த நீளமான முடிகள் உள்பக்கமாக மடங்கி, ஈயை நடு இலைக்குத் தள்ளிவிட்டன. நான் எண்ணி முடிப்பதற்குள், சில நொடிகளில் நடந்தது. செடி அசைவதைக் கண்ணால் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை. இந்த இனத்தின் மேல் சார்லஸ் டார்வினுக்கும் தீராத ஆசை இருந்தது. உலகத்து உயிரினங்கள் எல்லாம் எப்படித் தோன்றின என்பதைவிட இந்த ட்ரோசீராவைப் பற்றித்தான் இப்போது எனக்கு அக்கறை அதிகம் என்று 1860இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய வருடம்தான் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்திருந்தது. அன்று மாடியில் எழுந்து உட்கார்ந்தபோது அவர் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்குப் புரிந்தது.

விதை தூசி மாதிரி இருக்கும். ஈரமான பீட் மேல் தூவினால் போதும், மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். அதன்பின் அதுவே விதை சிந்தி அதுவே முளைக்கும். என் டப்பில் முதல் வருடம் நான்கு செடிகள், மூன்றாம் வருடம் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டுகிறேன். மற்ற மாதங்களில் நேரடி வெயில்தான்.

தீனி போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். திறந்த மாடியில் இருக்கும் செடிக்கு வேண்டியதை அதுவே பிடித்துக்கொள்ளும். கறித்துண்டு, முட்டை எல்லாம் வைத்தால் இலை அழுகும். வீட்டுக் கொசுவை ஒழிக்கும் என்று நினைத்தும் வாங்காதீர்கள், ஒழிக்காது.

இனி ஃப்ளைட்ராப். இயற்கையில் இது உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில். அங்கே கோடை நம் கோடை மாதிரிதான் புழுங்கும். குளிர்காலம் உண்மையான குளிர்காலம். மூன்று நான்கு மாதம் 10 டிகிரிக்கும் கீழே கிடந்து ஓய்வெடுக்க வேண்டிய செடி இது. ஓய்வு கிடைக்காவிட்டால் ஒரு வருடம் தாங்கும், அடுத்த வருடம் இளைக்கும், பிறகு போய்விடும். கோவையில் அந்தக் குளிர் கிடையாது. அதனால் என் ஃப்ளைட்ராப்புகளைத் தனியாக ஒரு சின்ன டப்பில் வைத்து, கார்த்திகை கடைசியில் ஊட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன். மாசி முடியும்வரை அவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கும். தை மாதம் அக்கா போன் செய்து, “உன் செடி செத்துடுச்சுடா, எல்லாம் கறுத்துப் போச்சு” என்பார். இலைகள் கறுக்கும், நடுவில் அரை விரல் உயரத்துக்கு நான்கைந்து குட்டி இலைகள் மட்டும் நிற்கும், அது சாவு இல்லை, தூக்கம். பங்குனியில் நடுவிலிருந்து புதுப் பொறிகள் கிளம்பும். மலையில் உறவுக்காரர் இல்லாதவர்கள் அழுகண்ணியோடு நிறுத்திக்கொள்வதே அந்தச் செடிக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பொறியைப் பென்சிலால் தொட்டு மூடவைக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பொறியின் ஒவ்வொரு பக்கத்திலும் வழக்கமாக மூன்று மெல்லிய முடிகள் இருக்கும். ஒரு தொடுதலுக்கு மூடாது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாவது முறை பட்டால்தான் மூடும், காற்றில் விழுந்த சருகுக்காக வீணாக மூடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மூடியபின்னும் பூச்சி உள்ளே துடித்து மேலும் சில முறை முடிகளைத் தொட்டால்தான் செரிக்கும் நீர் சுரக்கும். ஒவ்வொரு பொறியும் சில முறை மூடித் திறந்ததும் ஓய்ந்துவிடும். நாம் விளையாட்டுக்கு மூடவைப்பது ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

நர்சரிகளில் தொங்கவிட்டிருக்கும் குடுவைச் செடி, அதாவது நெப்பந்தஸ், இந்த டப்புக்குப் பொருந்தாது. அதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும், ஆனால் வேர் தண்ணீரில் நிற்கக் கூடாது. தொங்கு தொட்டியில் பாதி நிழலில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ வந்ததா என்று கேட்டு வாங்குங்கள், காட்டிலிருந்து பிடுங்கியதை வாங்காதீர்கள். வட கரோலினாவில் ஃப்ளைட்ராப்பைத் திருடுவது 2014 டிசம்பர் முதல் கடுங்குற்றம், அவ்வளவு தூரம் பிடுங்கிக் காலி செய்திருக்கிறார்கள். மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா நிலைமையும் அதுதான். நம் மலைகளில் அழுகண்ணியைப் பார்த்தால் உட்கார்ந்து பாருங்கள், படம் எடுங்கள், வேரோடு எடுக்காதீர்கள். எனக்கு விதை கிடைத்தது இன்னொரு வளர்ப்பாளரிடமிருந்து. இப்போது நானும் வருடா வருடம் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் கருகிய செடியை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால், மெதுவாகப் பிடுங்கி அடியைப் பாருங்கள். வெங்காயக் குருத்து மாதிரி வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்த இலைகளை வெட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் மண் முழுவதையும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பீட்டும் ஃபில்டர் மணலும் கலந்த சின்னத் தொட்டியில் குருத்து மேலே தெரியும்படி நட்டு, பாதி நிழலில் வையுங்கள். அடியில் ஈரம் குறையக் கூடாது. ஒரு மாதத்துக்குத் தோண்டிப் பார்க்க வேண்டாம். அழுத்தும்போது கொழகொழவென்று பழுப்பாக இருந்தால் அது போய்விட்டது. அந்தத் தொட்டியிலேயே தூவ அழுகண்ணி விதை அனுப்புகிறேன், தனிச்செய்தியில் எழுதுங்கள்.