கிளாத்தி மீன்: முதுகு முள், முட்டைக் காவல், தொட்டி வளர்ப்பு (கேள்வி பதில்)

கேள்வி: கிளாத்தி பாறை இடுக்கில் புகுந்துவிட்டால் அசைக்கவே முடிவதில்லை. எப்படி?

முதல் முதுகுத் துடுப்பில் மூன்று முட்கள் உண்டு. முதலாவது தடித்து நீண்டது. அது நிமிர்ந்ததும் இரண்டாவது முள்ளின் அடிப்பகுதி அதற்குப் பின்னால் அண்டக்கொடுத்துப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாவதை லேசாக அழுத்தினால் பூட்டு விடுபட்டு முதல் முள் படுத்துவிடும். வயிற்றுத் துடுப்புகள் கிடையாது; அந்த இடத்தில் இடுப்பெலும்பின் முனை மட்டும் ஒரு முள்ளாக நீட்டியிருக்கும். அதைக் கீழே தள்ளி, மேலும் கீழுமாக முட்டுக்கொடுத்து நிற்கும். இரவில் தூங்குவதும் இப்படித்தான். வெளியே இழுக்காதீர்கள், மீன் காயப்படும்.

கேள்வி: டைவிங்கில் டைட்டன் கிளாத்தி (கிளாத்தியில் ஒரு பெரிய வகை) துரத்தினால் உடனே மேலே ஏறிவிடலாமா?

ஏறவே கூடாது. முட்டையைக் காக்கத்தான் துரத்துகிறது. முட்டையுள்ள கூடு மணல் தரையில் வட்டப் பள்ளமாக இருக்கும். மீன் காக்கும் எல்லையோ அங்கிருந்து மேல்நோக்கிப் புனல்போல் விரிகிறது. நேரே ஏறினால் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள்; பக்கவாட்டில் விலகுங்கள். முகத்தை மீன் பக்கம் திருப்பி, கால் துடுப்புகளை இடையில் நீட்டியபடி பின்வாங்குங்கள். கடித்தாலும் துடுப்பில் படட்டும். பதற்றத்தில் வேகமாக மேலே போவது கடியைவிட ஆபத்து.

முன்னெச்சரிக்கை தெரியும்: உங்களை நோக்கித் திரும்பி முதுகு முள்ளை நிமிர்த்தும், சில சமயம் ஒருக்களித்துப் பார்க்கும். அப்போதே விலகிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். முட்டை இல்லாத காலத்தில் இதே மீன் உங்களைச் சட்டை செய்யாது.

கேள்வி: டைட்டனையும் கோமாளி கிளாத்தியையும் பிரித்தறிவது எப்படி?

குழப்பமே வராது. டைட்டன் 75 செ.மீ. வரை வளரும், மஞ்சள் கலந்த பச்சை, செதில் ஓரங்கள் கருமை, மேலுதட்டுக்கு மேல் மீசை போன்ற கரும்பட்டை. கோமாளி கரிய உடலின் கீழ்ப்பாதியில் பெரிய வெள்ளை வட்டங்களும் மஞ்சள் வாயும் கொண்டது, 50 செ.மீ. வரை.

கேள்வி: கடல் முள்ளெலியை எப்படித் தின்கிறது?

வாயால் நீரைப் பீய்ச்சி அதைப் புரட்டிப்போடும். அடிப்பக்க முட்கள் குட்டை என்பதால் அங்கே கடித்து உடைக்கும். கண்கள் தலையில் மிக உயரத்தில், பின்தள்ளி அமைந்திருப்பதன் பயன் இங்கே தெரியும்: வாய் முட்களுக்குள் போனாலும் கண் தப்பிக்கும்.

கேள்வி: 5 செ.மீ. கோமாளிக் குஞ்சு கிடைத்திருக்கிறது. இறால், நத்தையுடன் விடலாமா?

வேண்டாம். அவை அதற்கு இரைதான். குஞ்சு அடக்கமாக இருப்பதை நம்பாதீர்கள். வளர வளரக் கூட இருக்கும் மீன்களையும் கடிக்கும். 500 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் யோசிக்கவே வேண்டாம். வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி, உப்புநீரின் ஒப்படர்த்தி (specific gravity) 1.023 முதல் 1.025. கற்களைத் தொட்டித் தரையிலேயே ஊன்றி வையுங்கள். மணல்மேல் வைத்தால் அடியில் தோண்டிச் சரித்துவிடும். வயர்களைக் கடிக்கும், மறைத்துவிடுங்கள். பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே ஓட்டோடு மட்டியும் இறாலும் கொடுங்கள். இடம் மாற்றும்போது வலையில் முள் சிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் நீரோடு அள்ளுங்கள். சாதுவான கிளாத்தி வேண்டுமென்றால் சிவப்புப்பல் கிளாத்தி பரவாயில்லை. கடலில் அதன் முக்கிய உணவு மிதவை உயிரிகள்.

கேள்வி: பெரிய டைட்டனைச் சாப்பிடலாமா?

தவிர்ப்பது நல்லது. பவளப்பாறைப் பகுதியின் பெரிய மீன்களில் சிகுவாட்டெரா நஞ்சு சேர்ந்திருக்கலாம். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. சுவையிலோ வாசனையிலோ தெரியவும் தெரியாது.