அப்பா தந்த பதினைந்து இலட்சத்துக்கு இப்போது நிபந்தனை: கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். நான் ஆசிரியை, வயது 36, மூன்று பிள்ளைகளில் நடுவிலாள். அக்காவின் கல்யாணத்துக்குக் கல்வீட்டையும் வளவையும் உறுதி எழுதிக் கொடுத்தார்கள். தம்பி கனடா போக ஏஜென்சிக்குக் கட்டிய முப்பது இலட்சமும் அப்பாவின் காசு. நான் விரும்பிக் கல்யாணம் கட்டியதால் எனக்குச் சீதனம் எதுவும் தரவில்லை. சில வருடம் கழித்து மனம் இளகி, தன் பெயரில் இருந்த இன்னொரு வளவில் வீடு கட்டச் சொன்னார். சம்பளக் கடன் எடுத்துக் கட்டினோம். 2019இல் மிச்ச வேலைக்கு என்று அப்பா என் கணக்குக்குப் பதினைந்து இலட்சம் போட்டார். அப்போது எந்த நிபந்தனையும் சொல்லவில்லை. இப்போது கணவருக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம். "எங்களைப் பார்ப்பாய் என்றுதானே தந்தேன். போவதென்றால் காசைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் படுவான்கரை வயலில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வை" என்கிறார். அந்தப் பதினைந்து இலட்சமே சீதனம்தான், தேசவழமைப்படி சீதனம் வாங்கிய பெண்ணுக்கு முதுசத்தில் பங்கில்லை என்கிறார் சித்தப்பா. அக்காவுக்கும் தம்பிக்கும் இல்லாத நிபந்தனை எனக்கு மட்டும் ஏன்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். அப்பா கோபித்தாலும், அம்மா அழுதாலும், "ஒரு சட்டத்தரணிக்குக் காட்டிவிட்டு வைக்கிறேன்" என்று சொல்லி வாங்கி வையுங்கள். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சித்தப்பாவின் பேச்சை முடித்துவிடுவோம். தேசவழமை வடமாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழருக்கான சட்டம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரை அது ஆளாது. நம் பக்கத்தில் ஒரு காலம் முக்குவர் வழமை இருந்தது; பெண்வழிச் சொத்து, குடிவழி எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். சொத்துரிமையைப் பொறுத்தவரை, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபோது அந்த வழமையும் போய்விட்டது. இன்று உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது அந்தக் கட்டளைச் சட்டமும், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நாட்டின் பொதுச் சட்டமாக இருக்கும் ரோமன்-டச்சுச் சட்டமும்தான். இவற்றின்படி சீதனம் வாங்கிய மகளும் வாரிசுதான். (முஸ்லிம் வாசகர்களுக்கு மரபுரிமைச் சட்டம் வேறு, இந்தப் பதிலைத் தங்கள் குடும்பத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இனிப் பதினைந்து இலட்சத்துக்கு வருவோம். ஒருவர் கொடுக்கும் எண்ணத்தோடு காசைக் கொடுத்து, மற்றவர் ஏற்றுக்கொண்டால் நன்கொடை அன்றைக்கே முடிந்துவிடுகிறது. காசுக்கு உறுதி தேவையில்லை. கொடுப்பவர் நிபந்தனை போடலாம், ஆனால் கொடுக்கும் நேரத்தில் போட வேண்டும். வாங்குகிறவரும் அதைத் தெரிந்து, சம்மதித்து வாங்க வேண்டும். 2019இல் மனதுக்குள் இருந்ததை இத்தனை வருடம் கழித்து வாய்விட்டுச் சொன்னால் அது நிபந்தனை ஆகாது. அது அப்பாவின் எதிர்பார்ப்பு, அவ்வளவுதான். மகள் பக்கத்தில் இருப்பாள் என்று நம்புவது நியாயமான ஆசை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கை உடைந்தது என்பதற்காகக் காசைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் சொல்லாது.

பெரும் நன்றியின்மை இருந்தால் நன்கொடையைத் திரும்பப் பெறலாம் என்பது உண்மை. அதற்குச் சட்டம் கேட்பது கொடுத்தவரின் உயிருக்கு உலை வைப்பது, கை நீட்டுவது, மோசமாக அவமதிப்பது, அவரது சொத்துக்குப் பெரிய நட்டம் உண்டாக்குவது, நன்கொடையோடு ஏற்றுக்கொண்ட நிபந்தனையை மீறுவது போன்றவற்றை. கணவரின் வேலை மாறியதால் திருகோணமலைக்குப் போவது இந்த வரிசையில் எங்கும் வராது.

"அது கடன்தான்" என்று அப்பா மாற்றிச் சொன்னால்? அவர்தான் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், எழுத்தில் இல்லாத கடனுக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தருவது மூன்று வருடம்தான். எழுத்தில் உள்ள வாக்குறுதிக்கு ஆறு வருடம். 2019இல் வாய்ப்பேச்சாகக் கொடுத்த கடன் என்றால் அந்தக் காலம் எப்போதோ தாண்டிவிட்டது.

அந்தத் தாளைப் பற்றி நான் பயப்படுவதும் இதனால்தான். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டாவது வரி, "என் தகப்பனாரிடமிருந்து பெற்று இதுவரை திருப்பிச் செலுத்தாத ரூபா 15 இலட்சத்துக்கு ஈடாக" என்று தொடங்குகிறது. யார் எழுதிக் கொடுத்தார்களோ, விஷயம் தெரிந்தவர்தான். அதில் கையெழுத்து வைத்தால் கடன் இருக்கிறது என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். காலாவதியான கடனுக்கும் அப்படியொரு எழுத்து உயிர் கொடுக்கும் என்று வாதாட இடம் வரும். நன்கொடையாக வந்த காசு ஒரு கையெழுத்தில் கடனாக மாறிப்போகும்.

தாளின் மற்றப் பாதி, அதாவது வயலில் பங்கு வேண்டாம் என்பது, சட்டத்தில் அவ்வளவு பலமானது இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை அவருடைய வயலில் உங்களுக்குப் பங்கென்று ஒன்றும் கிடையாது. அக்காவுக்கும் தம்பிக்கும் கூடத்தான் கிடையாது. எதிர்காலத்தில் வரலாம் என்ற எதிர்பார்ப்பை இப்போதே எழுதிக் கைவிடும் ஒப்பந்தங்களை ரோமன்-டச்சுச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஆனாலும் நாளைக்கு ஒரு வழக்கில், "பாருங்கள், அவளே வேண்டாம் என்றாள்" என்று மூன்று பேர் அதைத் தூக்கிக் காட்டுவார்கள். பலவீனமான தாள் என்பதற்காகக் கொடுத்துவைக்க வேண்டியதில்லை.

அக்காவுக்கு வீடு, தம்பிக்குக் கனடா, எனக்கு மட்டும் நிபந்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்த இடத்தில் நீங்கள் எவ்வளவு நொந்து போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. விரும்பிக் கட்டிய மகளுக்குக் கொடுப்பதை மட்டும் தண்டனைபோலக் கொடுப்பது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது, அது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கும் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மரணசாசனத்திலும் கட்டாயமில்லை. 1844ஆம் ஆண்டின் மரணசாசனக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் தன் பிள்ளையைக் காரணமே சொல்லாமல் விலக்கி எழுதலாம். எனவே "எனக்கும் சமமாகத் தா" என்று அப்பாமேல் வழக்குப் போட முடியாது.

சமன் செய்யும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அப்பா மரணசாசனம் எழுதாமல் காலமானால், 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி சொத்தில் பாதி அம்மாவுக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அந்தப் பங்கீட்டின்போது, ஒரு பிள்ளை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கல்யாணத்துக்கென்றோ வாழ்க்கையில் நிலைபெறவென்றோ பெற்றோரிடம் வாங்கியதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அக்காவின் வீடு கல்யாணத்துக்குக் கொடுத்தது. தம்பியின் ஏஜென்சிக் காசு நிலைபெறக் கொடுத்தது. உங்கள் பதினைந்தும் கணக்கில் வரும், அதையும் மறைக்கக் கூடாது.

பேச்சுக்கு, பிள்ளைகளின் பாதி அறுபது இலட்சம் பெறுமதி என்று வைப்போம். அக்காவின் வீடு நாற்பத்தைந்து, தம்பிக்கு முப்பது, உங்களுக்குப் பதினைந்து. எல்லாம் சேர்த்தால் நூற்றைம்பது, ஆளுக்கு ஐம்பது. ஏற்கெனவே வாங்கியதைக் கழித்தால் அக்காவுக்கு இன்னும் ஐந்து, தம்பிக்கு இருபது, உங்களுக்கு முப்பத்தைந்து. இந்தக் கணக்கைப் பார்க்காமல் வெறுமனே மூன்றாகப் பிரித்தால் உங்களுக்கு இருபதுதான் கிடைக்கும். வித்தியாசம் பெரியது. வீட்டின் பெறுமதியை எப்படிப் போடுவது என்பதில் சண்டை வரும். அதிகம் வாங்கியவர் பங்கே வேண்டாம் என்று ஒதுங்கி, வாங்கியதை வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இதைச் சேர்க்கத் தேவையில்லை என்று அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தாலோ, அவரது நடத்தையில் அப்படித் தெரிந்தாலோ சேராது. இன்னொன்று, அக்காவுக்கு எழுதிய உறுதியில் கொடுத்தவர் பெயர் யாருடையது என்று பாருங்கள். நம் பக்கத்தில் மகளுக்குப் போகும் வீடு பெரும்பாலும் தாயின் பெயரில்தான் இருக்கும். அம்மா கொடுத்தது என்றால் அது அம்மாவின் சொத்தைப் பிரிக்கும்போதுதான் கணக்குக்கு வரும், அப்பாவின் பங்கீட்டில் வராது.

படுவான்கரை வயலுக்கு அறுதி உறுதி (முழு உரிமை தரும் உறுதி) இருக்கிறதா, பிரதேச செயலகத்தின் அனுமதிப்பத்திரமா? நீங்கள் எழுதவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. யாரைப் பின்னுரித்தாளியாக, அதாவது அப்பாவுக்குப் பிறகு காணிக்கு உரியவராக, பதிந்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கே பேசும்.

சரி, நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய கவலை பதினைந்து இலட்சமும் வயலும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் வளவுதான். அது இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறது. உங்கள் சம்பளக் கடன் முழுவதும் அடுத்தவர் காணியில் சுவராக நிற்கிறது. சட்டத்தின் கண்ணில் வீடு நிலத்தோடு சேர்ந்தது. "இது உனக்குத்தான், கட்டு" என்று அப்பா வாயால் சொன்னது காணியைக் கொடுத்ததாகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் காணி கைமாறும். அப்பா நாளைக்கே அதைத் தம்பிக்கு எழுதலாம். எழுதாமலே கண்ணை மூடினால் அம்மா, அக்கா, தம்பி எல்லோருக்கும் நீங்கள் கட்டிய வீட்டில் பங்கு வந்துவிடும். பிறகு பங்குபிரிப்பு வழக்கு என்று ஏறி இறங்க வேண்டும். அந்த வழக்குகள் வருடக் கணக்கில் இழுபடும்.

உங்கள் கை வெறுங்கை இல்லை. காணிக்காரரின் சம்மதத்தோடு கட்டியவர் செலவுக்கு நட்டஈடு கேட்கலாம், அது கிடைக்கும்வரை வீட்டை விடாமல் இருக்கும் உரிமையும் கோரலாம். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். சீமெந்து, கம்பி வாங்கிய பில், மேசன்பாசுக்குக் காசு கொடுத்த துண்டு, சம்பளக் கடன் கடிதம், 2019 வங்கிக் கூற்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். அப்பாவின் குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: "புள்ள, காசு போட்டிருக்கன், மாரிக்கு முந்திக் கூரைய முடிச்சிக் குடிபோ." கொடுக்கும்போது என்ன எண்ணத்தோடு கொடுத்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. வேறு போனுக்கு அனுப்பி வைத்தால் மட்டும் போதாது, அது வந்த போனையும் பத்திரமாக வையுங்கள்.

இவற்றை வழக்குப் போடுவதற்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. அப்பாவோடு பேச உட்காரும்போது உங்கள் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான். எழுபது தாண்டிய மனிதர், ஒரு மகன் கனடாவில், ஒரு மகள் திருகோணமலைக்குப் போகப்போகிறாள். கடைசிக் காலத்தில் யார் கஞ்சி ஊற்றுவது என்ற பயம் அந்தத் தாளில் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் மருந்து உண்டு. வளவை உங்கள் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதி, அப்பாவும் அம்மாவும் சாகும்வரை அனுபவிக்கும் வாழ்நாள் உரிமையை அதே உறுதியில் ஒதுக்கி வைக்கலாம். நீங்கள் திருகோணமலையில் இருக்கும்போது அவர்களே அந்த வீட்டில் இருக்கலாம், அல்லது வாடகைக்குக் கொடுத்து அந்தக் காசை எடுக்கலாம். அப்பாவுக்கு நிபந்தனை வேண்டுமென்றால், மாதம் இவ்வளவு அனுப்புவேன் என்பதுபோல உங்களால் செய்யக்கூடியதை மட்டும் அந்த உறுதியில் தெளிவாக எழுதட்டும். "ஊரைவிட்டுப் போகக்கூடாது" என்பதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். உறுதியில் நீங்களும் ஏற்றுக் கையொப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும்.

பிறகு மனம் மாறி ரத்துச் செய்துவிடுவாரோ என்று நீங்கள் பயப்படலாம். மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடை உறுதியை, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, பெரும் நன்றியின்மையை நீதிமன்றத்தில் நிரூபித்துத்தான் ரத்துச் செய்ய முடியும். நொத்தாரிசிடம் தனியாகப் போய் ஒரு தாளில் கிழித்துப்போட முடியாது.

பெற்றோரைப் பார்க்கும் கடமை காசு வாங்கிய பிள்ளைக்கு மட்டும் உரியதும் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் எல்லோர்மேலும் வைக்கிறது; பராமரிப்புச் சபையில் விண்ணப்பித்து மாதப் பணம் கேட்கவும் வழி செய்கிறது. அக்கா அதே ஊரில் உறுதி எழுதிய வீட்டில் இருக்கிறார். தம்பி கனடாவில் உழைக்கிறார். பேசும் நாளில் அக்காவையும் கூப்பிடுங்கள், தம்பியை வீடியோவில் எடுங்கள். நீங்களும் அப்பாவும் மட்டும் இருந்து பேசினால் பழைய கல்யாணக் கதைதான் திரும்ப வரும்.

நீங்கள் சொல்லி அப்பா கேட்கமாட்டார் என்றால், அவர் மதிக்கும் ஒரு பெரியவரோடு முதலில் பேசுங்கள். மத்தியஸ்த சபைக்குப் போகவும் இடமுண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள். போகும்போது வளவின் உறுதிப் பிரதி வேண்டும். 1990களின் இடப்பெயர்விலோ சுனாமியிலோ மூலம் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். இடமாற்றத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலைக்குச் சாமான் ஏற்றுவதற்கு முன் வளவு உறுதியின் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கும்போது பேசுவதும், பூட்டிவிட்டுப் போன பிறகு பேசுவதும் ஒன்றாக இருக்காது.