மாயா என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். பெண் பிறந்தால் 'மாயா' என்று பெயர் வைக்க நானும் கணவரும் ஆசைப்படுகிறோம். மாமியாரோ, "மாயை என்றால் பொய். அதைப் போய் பிள்ளைக்கு வைப்பார்களா?" என்கிறார். நாத்தனார் இணையத்திலிருந்து ஒரு பட்டியலை எடுத்து அனுப்பினார். அதில் மாயா என்றால் தண்ணீர், தாய், இளவரசி என்று மூன்று அர்த்தம் போட்டிருக்கிறது. எதுதான் சரி? எந்த நாட்டுக்குப் போனாலும் நல்ல அர்த்தம் தருகிற பெண் பெயர் ஏதாவது உண்டா? பெயரின் அர்த்தம் பிள்ளையின் குணத்தில் வந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? இன்னொன்று, ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஒரு 'ஏ' போடுவதா, இரண்டு போடுவதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: பெயரைப் பற்றி இவ்வளவு கேட்டுவிட்டு உங்கள் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டீர்களே! சரி, பரவாயில்லை.

மாமியார் சொன்னதிலும் தப்பில்லை, நாத்தனார் அனுப்பியதிலும் முக்கால்வாசி சரிதான். ஒரே மாதிரி காதில் விழுகிற மூன்று நான்கு பெயர்கள் சேர்ந்துதான் இந்த 'மாயா'. எபிரேய மொழியில் 'மயிம்' என்றால் தண்ணீர். அதை ஒட்டி யூதக் குடும்பங்களில் மாயா என்று வைக்கிறார்கள். கிரேக்கத்தில் மையா என்பவள் ஹெர்மீஸ் கடவுளின் தாய். ரோமானியர்களுக்கும் அதே பெயரில் ஒரு தேவதை உண்டு, மே மாதத்துக்கு அவளால்தான் அந்தப் பெயர் என்று பொதுவாகச் சொல்வார்கள். இளவரசி என்பதுதான் இடிக்கிறது. எபிரேயத்தில் அந்த அர்த்தம் சாராவுக்கு உரியது. பட்டியல் போட்டவர் கண் பக்கத்து வரிக்குத் தாவியிருக்க வேண்டும்.

இனி நம் பக்கத்து மாயா. வேதாந்தம் பேசுகிறவர்கள் மாயையைப் பொய்த்தோற்றம் என்று விளக்கியது பின்னாளில்தான். ரிக் வேதத்தில் வருகிற மாயா, தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் இருந்த அபார சக்தி, நினைத்ததை உருவாக்கிக் காட்டுகிற திறமை. துர்க்கைக்கு மகாமாயா என்றே ஒரு பெயர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, புத்தரைப் பெற்ற தாயின் பெயர் மாயா. மாமியாரிடம் இந்த ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், வேதாந்தம் வரை போக வேண்டியிருக்காது.

ஆனாலும் அவர் காதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தமிழ் மட்டுமே பேசுகிறவர்களுக்கு மாயா என்றதும் மாயமாய் மறைவது, மாயக்காரி எல்லாம்தான் முதலில் நினைவுக்கு வரும். கண்ணாமூச்சி ஆடும்போது "மாயா மாயமாயிட்டா" என்று பிள்ளைகள் கத்தத்தான் செய்வார்கள். அதைச் சிரித்துக்கொண்டு கடந்துவிட முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக வையுங்கள். என்னைக் கேட்டால் நல்ல பெயர்தான்.

இந்தப் பட்டியல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிற பெயர்க் குழப்பங்களில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒலி ஒன்றாக இருந்தால் பெயரும் ஒன்று என்று அவை நினைத்துக்கொள்கின்றன. இப்போது பல வீடுகளில் ஓடுகிற கியாராவை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் கியாரா என்றால் தெளிவானவள், ஒளியுள்ளவள். அயர்லாந்தில் கிட்டத்தட்ட அதே எழுத்துகளில் எழுதி கீரா என்று கூப்பிடுகிற பெயருக்கு அர்த்தம் கருப்பி. நேர் எதிர்! இரண்டையும் ஒரே வரியில் போட்டு வைத்திருக்கிற பட்டியல்கள் உண்டு. (கருப்பி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கிரேக்கத்தின் மெலனி, நம் சியாமளா, திரௌபதியின் சொந்தப் பெயரான கிருஷ்ணை எல்லாமே அதே கருப்புதான். பெயர் வைத்த பழைய ஆட்களுக்கு நிறத்தில் நம்மளவு கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.)

தாரா நமக்கு நட்சத்திரம். ஐரிஷ்காரர்களுக்கு அது பழைய அரசர்களோடு சேர்த்துப் பேசப்படுகிற ஒரு குன்றின் பெயர். லீலா விளையாட்டு, அரபு லைலா இரவு. ஸ்லாவிய மொழிகளில் மிரா என்றால் அமைதி, நம் மீராவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நீனா, தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் நெருப்பு.

வனெஸ்ஸாவின் கதை இன்னும் வேடிக்கை. 'கிரேக்கத்தில் வண்ணத்துப்பூச்சி' என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். கிரேக்கத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர், எஸ்தர் வனோம்ரி என்ற தோழிக்காக அவள் குடும்பப் பெயரின் முதல் அசையையும் எஸ்தருக்கான செல்லப் பெயரையும் ஒட்டிச் செய்த பெயர் அது. அந்தப் பெயர் வருகிற அவருடைய கவிதை 1726-ல் அச்சானது. 1807-ல் ஒரு பூச்சியியல் அறிஞர் ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். ஆக, பெண்ணிடமிருந்துதான் பூச்சிக்குப் போனது.

எழுத்துப் பிழையால் அர்த்தம் வந்த பெயரும் இருக்கிறது, அதுவும் உலகத்தில் அதிகம் வைக்கப்பட்ட பெயர்களில் ஒன்று. மரியா, மேரி, மர்யம், மிரியம் எல்லாம் ஒன்றே. மூல அர்த்தம் என்ன என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 'அன்புக்குரியவள்' என்ற எகிப்தியச் சொல்லாக இருக்கலாம் என்பது ஒரு கட்சி. நான்காம் நூற்றாண்டுக்காரரான புனித ஜெரோம், இதைக் 'கடலின் ஒரு துளி' என்று பிரித்து லத்தீனில் 'ஸ்டில்லா மாரிஸ்' என்று பொருள் சொன்னார். பின்னால் படியெடுத்தவர்கள் கையில் ஸ்டில்லா 'ஸ்டெல்லா' ஆனது. துளி நட்சத்திரமாகிவிட்டது! மாதாவைக் கடலின் விண்மீன் என்று பாடுகிற வழக்கம் அதோடு வேரூன்றிவிட்டது. பிழைதான், ஆனால் எவ்வளவு அழகான பிழை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சூசன் என்ற பெயரைப் பின்னோக்கித் தேடிப் போனால் எபிரேயத்தில் ஷோஷன்னா என்ற லில்லிப் பூ, அதற்கும் முன்னால் எகிப்தில் தாமரையைக் குறிக்கிற சொல். ஆக சூசனும் கமலாவும் ஒரே குளத்துப் பூக்கள். பார்த்தால் தெரியுமா?

அடுத்தது குணம். பெயரின் அர்த்தம் பிள்ளைக்கு வரும் என்றால் செசிலியாக்கள் எல்லாரும் கண் தெரியாமலும் கிளாடியாக்கள் எல்லாரும் கால் தாங்கியும் இருக்க வேண்டும். அந்தப் பெயர்களின் லத்தீன் வேர்கள் அவைதான். செசிலியா என்ற புனிதையைக் கிறிஸ்தவ உலகம் இசையின் காவலராகக் கொண்டாடுகிறது, கண்ணைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. மெட்டில்டா என்றால் போர்வலிமை, கெர்ட்ரூட் என்றால் ஈட்டியும் பலமும். பழைய ஜெர்மானிய மக்கள் அப்பா பெயரில் ஒரு துண்டு, பாட்டி பெயரில் ஒரு துண்டு எடுத்து ஒட்டியே பல பெயர்களைச் செய்தார்கள். சேர்த்துப் படித்தால் என்ன வருகிறது என்று அவர்கள் ரொம்ப அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ரோமில் பெண்ணுக்குத் தனிப் பெயர் வைக்க வேண்டும் என்றே பெரும்பாலும் நினைக்கவில்லை. குலப்பெயரைப் பெண்பாலாக மாற்றினால் வேலை முடிந்தது. ஜூலியஸ் சீசரின் மகள் ஜூலியா, அத்தை ஜூலியா, உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் ஜூலியா. மூத்தவள், இளையவள் என்று சொல்லித்தான் பிரித்தார்கள். நம் இதிகாசங்களும் இதில் சளைத்தவை அல்ல. காந்தார நாட்டுப் பெண் காந்தாரி, துருபதன் மகள் திரௌபதி. குந்திபோஜன் வளர்த்ததால் குந்தி, அவள் பிறந்தபோது வைத்த பெயர் பிருதை. எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறது?

மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்கள் பிறந்த கிழமையையே பெயராக வைப்பார்கள். வியாழக்கிழமை பிறந்தால் யா. 1900-ல் அசாந்தி மக்களை ஆங்கிலேயருக்கு எதிராகத் திரட்டிய யா அசாந்தேவா என்ற ராஜமாதாவின் பெயரில் 'வியாழன்' இருக்கிறது, வீரம் இல்லை. இன்று கானாவில் அந்தப் பெயரைக் கேட்டால் கிழமையா நினைவுக்கு வரும்?

அப்படியானால் அர்த்தம் பார்க்கவே வேண்டாமா என்றால், ஒரு இடத்தில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பிள்ளை தினமும் பேசப்போகிற மொழியில் அதன் அர்த்தம் பளிச்சென்று தெரிந்தால், அந்த அர்த்தம் அவளைக் குத்தக் கூடாது. சீனாவில் ஜாவ்தி என்று பெண் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள், 'தம்பியை அழைத்து வா' என்று அர்த்தம். நம்மிடம் போதும்பொண்ணு இருக்கிறது. மராத்தியில் நகுசா, வேண்டாதவள். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் 2011-ல் அப்படிப் பெயர் சுமந்த 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தார்கள். இதையெல்லாம் பழைய வழக்கம் என்று சொல்லிப் பூசி மெழுக எனக்கு மனம் வரவில்லை. குப்பம்மாள், பிச்சையம்மாள் போன்றவை வேறு ரகம். முன்னால் பிறந்தவை தங்காமல் போன வீட்டில், இதுவாவது தங்கட்டும், கண் படாமல் இருக்கட்டும் என்று பயந்து வைத்தவை அவை.

எந்த நாட்டிலும் நல்ல அர்த்தம் தரும் பெயர் கேட்டீர்கள். கிட்டத்தட்ட ஒன்று அகப்பட்டது: ஹனா. எபிரேயத்தில் ஹன்னா என்றால் அருள், அன்னா, ஆன் எல்லாம் அதன் பிள்ளைகள். ஜப்பானில் ஹனா பூ. அரபியில் மகிழ்ச்சி. கொரியாவில் 'ஒன்று'. ஆஹா என்று எழுந்துவிடாதீர்கள். சமஸ்கிருதம் தெரிந்தவர் 'ஹன்' என்றால் கொல்வது என்பார். எல்லா மொழியிலும் தேறுகிற பெயரைத் தேடினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை பாப்பா என்றே கூப்பிட வேண்டியதுதான்.

மாயாவுக்கு மாமியார் கடைசிவரை மசியவில்லை என்றால், வழியை மாற்றிப் பாருங்கள். முதலில் என்ன அர்த்தம் வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள், ஒலியைப் பிறகு தேடலாம். முத்து பிடித்திருந்தால் கிரேக்க வேரில் மார்கரெட், அதன் சுருக்கங்களான ரீட்டா, கிரேட்டா, எபிரேயத்தில் பெனினா, அரபியில் லூலு, நம்மிடம் முத்தழகி. அமைதி என்றால் ஐரின், சல்மா, சாந்தி.

எனக்குப் பிடித்தது 'உயிர்' வரிசை. ஏவாள் என்ற பெயரை எபிரேயத்தில் உயிரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். வேதாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஆதாம் அவளுக்குப் பெயர் வைக்கிற இடத்தில் ஸோயி என்றே எழுதினார்கள், ஸோயி என்றால் உயிர். ஆயிஷா என்றால் உயிரோடு இருப்பவள், விவியனும் லத்தீனில் அதேதான். தமிழில் ஜீவா, ஜீவிதா. பிறந்த பிள்ளைகளில் பல தங்காத காலத்தில், இவ்வளவு தூரத்தில் இருந்த தாய்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் இதையே கேட்டிருக்கிறார்கள். ஜீவா என்றால் மாமியாருக்கும் வாயில் நுழையும், நாத்தனாரும் பட்டியல் தேட வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் முடிவு செய்வதற்கு முன்னால் வீட்டுக்குள் சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள், கோபமாக ஒரு தடவை, கொஞ்சலாக ஒரு தடவை. இனிஷியலோடும் சொல்லிப் பாருங்கள். அவள் வளரப்போகிற ஊரின் மொழி பேசுகிற ஒருவரிடம், இந்த ஒலிக்கு அங்கே ஏதாவது ஏடாகூட அர்த்தம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அகராதியைவிட இது நம்பகமான சோதனை.

கடைசியில் அந்த 'ஏ'. ஒன்று போதும். எம், ஏ, ஒய், ஏ என்று எழுதினால் எந்த நாட்டு அலுவலகத்திலும் சிக்கல் இருக்காது. இரண்டு போட்டால் அவள் ஆயுசுக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒய்க்குப் பதில் ஐ போட்டால் கிரேக்கத்து மையா என்று எடுத்துக்கொள்வார்கள். நியூமராலஜி பார்த்து இன்னொரு 'ஏ' சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், பிறப்புச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.