ஆரஞ்சு, எலுமிச்சை வேரழுகல்: கேள்வி பதில்

கே: நாக்பூர் ஆரஞ்சு, பத்து வயது மரம். இலை மஞ்சளாகி, அடித்தண்டில் பிசின் வடிகிறது. வேரில் என்ன நடக்கிறது?

ப: ஒரு சல்லி வேரைத் தோண்டி எடுத்து விரலால் உருவிப் பாருங்கள். தோல் உறைபோலக் கழன்று, நடு நரம்பு மட்டும் நூலாக நின்றால் பெரும்பாலும் அது பைட்டோப்தோரா என்னும் வேரழுகல் கிருமிதான். ஈர மண்ணில் அதன் வித்துகள் நீந்திவரும். வேர் கசியும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அவற்றுக்கு வழிகாட்டி. அவை ஒட்டியதும் வேர்ச் செல்லின் ஏற்பிகள் கிருமியை அடையாளம் கண்டு உட்கருவுக்குச் செய்தி அனுப்பும். சாலிசிலிக் அமிலம் தூண்டும் தற்காப்பு விழிக்கும். நோயெதிர்ப்புப் புரதங்களின் மரபணுக்கள் இயங்கும். செல்சுவரில் அதைக் கெட்டிப்படுத்தும் லிக்னின் படியும். கிருமியும் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தி இந்த எச்சரிக்கையை அடக்கப் பார்க்கும். நாக்பூர்ப் பகுதியில் ஒட்டுக்கட்டப் பயன்படும் ஜம்பேரி எலுமிச்சை வேர்ச்செடி (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) இந்தப் போட்டியில் எளிதில் தோற்கிறது. தண்டை ஒட்டித் தண்ணீர் நிற்கவே கூடாது.

கே: கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லி ஊற்றலாமா?

ப: வேண்டாம். பைட்டோப்தோரா பூஞ்சையே அல்ல. இதன் செல்சுவர் செல்லுலோஸ். அந்த மருந்து இதைத் தொடாது. பிசின் வடியும் பட்டையைச் சுரண்டிவிட்டுப் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். தண்டில் தண்ணீர் படாமல் இரட்டை வட்டப் பாத்தி கட்டுங்கள்.

கே: நோய் வந்ததும் அதிக மரபணுக்கள் இயங்கும் ரகம்தானே வலிமையானது?

ப: இல்லை. தாங்காத வேரிலும் ஏராளமான மரபணுக்கள் இயங்கும். கிருமி உள்ளே பரவிய பிறகு எழும் கூக்குரல் அது. எண்ணிக்கையைவிட வேகமும் இடமும்தான் முக்கியம்.

கே: (அதே அன்பர்) அப்படியானால் எதிர்ப்புள்ள மூவிலை ஆரஞ்சு மரபணுவை எல்லா வேர்ச்செடிக்கும் கொடுத்துவிடலாமே?

ப: ஒரே மரபணு என்று நினைக்காதீர்கள், பல சேர்ந்த பண்பு அது. மூவிலை ஆரஞ்சுக்குச் சுண்ணாம்பு மண் ஒத்துவராது, இரும்புச்சத்துக் குறைந்து இலை வெளுக்கும். பழைய பாடமும் இருக்கிறது: 19ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் பிசின் நோய் தோப்புகளை அழித்தபின் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடி பரவியது. 1930களில் பிரேசிலில் டிரிஸ்டீசா வைரஸ் வந்தபோது, அந்த வேரில் நின்ற மரங்களே கொத்துக்கொத்தாக மடிந்தன. ஒரே வேரை நம்பித் தோப்பு போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கே: எலுமிச்சைக்கும் கார்பென்டசிம்...?

ப: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கே: இலைத் துளைப்பான் பூச்சிக்கு?

ப: அது என் துறையன்று. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள்.

கே: புதுக்கன்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ப: ஒட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. மண்ணிலிருந்து 9 அங்குலமாவது வேண்டும். ஒட்டைப் புதைத்து நட்டால், வேர்ச்செடி எதுவானாலும் தண்டுப்பட்டை அழுகும்.