செருப்பு கழன்றதும் தெரியவில்லையா?

“அம்மாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சியில் சேரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள், ரத்தமும் எடுப்பார்களாம். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ? மறுத்தால் மாத்திரை தராமல் போய்விடுவார்களோ? மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்து அதை நிறுத்திவிட்டோம். இப்போதெல்லாம் நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதுகூட அம்மாவுக்குத் தெரிவதில்லை.”

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, சர்க்கரை நரம்பில் கைவைத்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். இனி முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. வலித்தால் அன்றைக்கே ஓடி வருவார்கள்; வலிக்காத புண்தான் காலை வாங்கும். இன்று ராத்திரியே அம்மாவை உட்கார வைத்து உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். புண், கறுத்த இடம், நீர், வாடை, ஒரு கால் மட்டும் சூடாக வீங்குவது என்று எது இருந்தாலும் காலையில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கூடவே காய்ச்சல் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஒன்றும் இல்லையா? அப்போதும் இந்த வாரமே பாதத்தைக் காட்டுங்கள். ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். ஐந்து நிமிட வேலை.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை; கட்டுக்கு வராத சர்க்கரைதான் கெடுக்கும். கிட்னி ஏற்கெனவே பலவீனம் என்றால் அளவைக் குறைப்போம், ரொம்ப மோசம் என்றால் நிறுத்துவோம். அதைக் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்வோம், வீடியோ பார்த்து அல்ல. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சிக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறைப்படி, சேர மறுக்கலாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. தமிழில் தகவல் தாள் கேட்டு வாங்குங்கள். புது மருந்தா, வெறும் கேள்வியும் ரத்தமுமா என்பது அதில் இருக்கும். ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும். ரத்தத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த மாதிரிப் பரிசோதனைக்கு எடுப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று டீஸ்பூன்தான்; தானம் கொடுப்பவர் 350 மில்லி கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்.

ஒன்று கேட்கிறேன்: இத்தனை எழுதினீர்களே, அம்மா என்ன சொன்னார்? அவர் தெளிவாக இருக்கிறார் என்றால் கையெழுத்து அவருடையது, உங்களுடையது அல்ல. எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் சாட்சி வைத்து, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கலாம். அவர் சேர்ந்தால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று நிச்சயம் கேட்பார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு “ஆமாம் டாக்டர்” என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். நிறுத்தியதையும், செருப்பு கழன்றதையும் அவரே சொல்லட்டும்.